‘எங்க அம்மா முறுக்கு சுத்துறாங்க சார்!’

கல்லூரி நேர்காணலில் நம் பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள், எதைக் காட்ட வேண்டும்?

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் நின்றால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். “கட்-ஆஃப் எவ்வளவு கண்ணு வருது?” தறிக்குடோனில் இருந்து வெளியே வந்த அப்பா கேட்பார். முறுக்கு பாக்கெட் வாங்க வந்தவர் கேட்பார். பதில் சொல்லவும் எல்லாருக்கும் தெரியும். இன்ஜினீயரிங் என்றால் கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, ஆகமொத்தம் 200. அதில் எத்தனை என்று தெரிந்தால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பது பாதி முடிவாகிவிடும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு சேதி இப்போது சில வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ‘எழுத்துத் தேர்வில் தேறிவிட்டீர்கள்; நேர்காணலுக்கு வாருங்கள்’ என்று செல்போனில் ஒரு செய்தி. அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷம் பாதி, கலக்கம் பாதி. என்ன கேட்பார்கள்? எப்படிப் பேச வேண்டும்? இங்கிலீஷ் வராதே? பெரியவர்கள் யாரிடமும் பதில் இல்லை. பக்கத்துத் தெருவில் கேட்டுப் பார்க்க, இதற்கு முன் போய்வந்தவர் இல்லை. கடைசியில் பிள்ளை யூடியூபைத் திறந்து, யாரோ சொல்லும் பத்துப் பதில்களை மனப்பாடம் செய்கிறது.

அந்தப் பத்துப் பதில்கள்தான் பிள்ளையைக் கவிழ்க்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் வளரும் பிள்ளைகளுக்கு நேர்காணலில் சொல்லிக்கொள்ள ஏராளமாக இருக்கிறது. அதைச் சொல்லத் தகாத விஷயம் என்று நாம் எல்லாரும் சேர்ந்து அவர்களை நம்பவைத்திருக்கிறோம். அந்த வெட்கத்தை இறக்கிவைத்தால் பாதி நேர்காணல் முடிந்தது.

எங்கெல்லாம் நேர்காணல்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கிய ஒற்றைச் சாளர முறை வழியாக நடக்கும் கவுன்சலிங் நேர்காணல் கிடையாது. அங்கே தரவரிசைப்படி இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான். யாரும் நம் முகத்தைப் பார்த்து எடைபோடுவதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் கல்லூரிக்குப் போகிறார்கள்.

நேரில் பேசிப் பார்த்துச் சேர்க்கும் இடங்கள் வேறு. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்காணல். டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தில் விண்ணப்பக் கட்டுரைகளும் நேர்காணலும். பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்பை 2011-இல் தொடங்கிய இந்தூர் ஐ.ஐ.எம்., எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல் நேரிலும் பேசிப் பார்க்கிறது. பட்டப்படிப்பு முடித்து திருச்சி ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கும், சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் இதழியல் படிக்க விரும்புகிறவர்களுக்கும் இதே படிதான். கடல் கடந்தால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நேர்காணலுக்குப் பெயர்போனவை.

எல்லாவற்றிலும் கடினமானது தேசிய பாதுகாப்பு அகாதமி, அதாவது என்.டி.ஏ. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், அதற்குப் பிறகு நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கும் 900. ஐந்து நாள் தங்கவைத்து, குழுவாக வேலை கொடுத்து, கதை எழுதச் சொல்லி, நேரில் பேசி, ஆளைப் பார்க்கிறார்கள். 2022 முதல் பெண் பிள்ளைகளும் அங்கே சேர்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டம்தோறும் மாதிரிப் பள்ளிகளும் வந்துவிட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தேசிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பது இனி அதிசயமில்லை. ஆகவே நேர்காணல் என்பது டவுன் கான்வென்ட் பிள்ளைகளின் கவலை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

வாயை மூடி வளர்த்த ஊர்

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் அந்த அறையில் திணறுகிறார்கள்? காரணம் நம் வளர்ப்பிலும் இருக்கிறது, பள்ளியிலும் இருக்கிறது.

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசாதே என்றுதான் வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது மரியாதை என்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் “நீ என்ன கண்ணு நினைக்கற?” என்று அதே பிள்ளையிடம் பதினேழு வருஷத்தில் ஒருதரமாவது கேட்டோமா என்று யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் இன்னும் ஒருபடி மேலே. ஒரு காலத்தில் மாநிலம் முழுவதிலிருந்தும் பெற்றோர்கள் நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளைத் தேடி வந்தார்கள். 1200-க்கு எத்தனை என்பது ஒன்றுதான் பேச்சு. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2017-இலேயே மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. பிறகு 1200 என்பது 600 ஆனது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்தும்விட்டது. விதிகள் இத்தனை மாறியும், புத்தகத்தில் இருப்பதை விடைத்தாளில் அப்படியே திருப்பி எழுதுகிறவன்தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் மாறவில்லை. அந்தப் பழக்கத்தோடு நேர்காணலுக்குப் போகிற பிள்ளை, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கும் ஒரு ‘சரியான விடை’ எங்கோ அச்சாகியிருக்கும் என்று தேடுகிறது.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றையும் மனப்பாடப் பகுதியாகப் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். வகுப்பறையில் ஒரு பிள்ளையை எழுப்பி, ஐந்து நிமிஷம் சொந்தக் கருத்தைப் பேசவிட்டு, மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொன்ன ஆசிரியர்கள் அரிதாகத்தான் அமைகிறார்கள்.

75 மதிப்பெண்ணின் கதை

நேர்காணல் என்றாலே தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் வருவதற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கே மருத்துவக் கல்லூரியில் சேரவே நேர்காணல் இருந்தது. மொத்தம் 275 மதிப்பெண். அதில் 75 நேர்காணலுக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த பணிகள், உடல் வலு, பொதுத் திறன், படிப்பில் நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். 1970-71 சேர்க்கையை எதிர்த்துப் பெரியகருப்பன் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நேர்காணலுக்கு ஒதுக்கிய மதிப்பெண் அதிகம் என்றது நீதிமன்றம். ஐந்து தலைப்புக்கும் தனித்தனியாகப் போடாமல் மொத்தமாக ஒரு மதிப்பெண்ணைப் போட்டது சட்டவிரோதம் என்றும் சொன்னது. எதற்காக எத்தனை கொடுத்தோம் என்று தேர்வுக் குழுவாலேயே சொல்ல முடியாத நிலை. ஒரு கிராமத்துப் பிள்ளையின் டாக்டர் கனவு அந்த மொத்த எண்ணுக்குள் காணாமல் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

பத்து வருஷம் கழித்து ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் வழக்கு வந்தது. அஜய் ஹாசியா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிஷம்தான் பேசியிருக்கிறார்கள். கேட்டதும் அப்பா யார், எந்த ஊர் என்பது போன்ற கேள்விகள். சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. பேசுவதை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. பிறகு அதுவும் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடை என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. மதிப்பெண் ஒன்றே போதும் என்ற முடிவுக்கு நம் மாநிலம் சும்மா வந்துவிடவில்லை. அறைக்குள் நடப்பதை நம்பி ஏமாந்த அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதையும் இதுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1920-களில் யூத மாணவர்கள் அதிகம் சேர்கிறார்கள் என்று அன்றைய தலைவர் லோவெல் கவலைப்பட்டார். 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நேரடியாக வரம்பு கட்டப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. 1926-இல் குணம், ஆளுமை என்ற அளவுகோல்கள் சேர்க்கைக்குள் வந்தன. யூத மாணவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து அதே ஹார்வர்டின் மீது வழக்கு. ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆளுமைக்கான மதிப்பீட்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நேரில் சந்தித்துப் பேசிய முன்னாள் மாணவர்கள் அந்தப் பிள்ளைகளை நன்றாகவே மதிப்பிட்டிருக்க, அவர்களைப் பார்க்காத அலுவலகம் குறைத்துப் போட்டது என்று வழக்குத் தொடுத்தவர்கள் வாதிட்டார்கள். இந்த வழக்கில்தான் 2023 ஜூன் 29 அன்று, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வளவையும் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக இல்லை. ஆளுமை என்பதைக் காற்றில் விட்டால் அது எளியவர்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதற்காக. கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்றாக, செய்த வேலையாக, யோசித்த யோசனையாக அது இருக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

ஒரே பிள்ளை, இரண்டு பதில்

ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு மாணவி நேர்காணலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அம்மா வீட்டிலேயே முறுக்கு சுற்றுகிறார். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா.”

“ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் சேலம் சார். மை ஃபாதர் இஸ் டூயிங் பிசினஸ். மை மதர் இஸ் ஹவுஸ் ஒய்ஃப். மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்.”

“நல்லதும்மா. கடைசியா என்ன புத்தகம் படிச்சீங்க?”

மௌனம்.

இந்தப் பதிலில் பொய் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையும் அதில் இல்லை. ஊர் போய்விட்டது. அதிகாலையில் எழுந்து மாவு பிசையும் அம்மா ‘ஹவுஸ் ஒய்ஃப்’ ஆகிவிட்டார். தறியின் முன்னால் நின்றே நாளைக் கழிக்கும் அப்பா ‘பிசினஸ்’ ஆகிவிட்டார். அன்றைக்கு அந்த அறைக்கு வந்த பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதே பிள்ளை, அதே கேள்வி. இந்த முறை உள்ளதைச் சொல்கிறாள்.

“எங்க ஊர் ஆட்டையாம்பட்டிங்க சார். எங்க அம்மா வீட்டுலயே முறுக்கு சுத்துறாங்க. லீவு நாள்ல நானும் சுத்துவேன்.”

“அப்படியா? அதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்?”

“சுத்துறது பழகிருச்சு சார். மழைக்காலத்துலதான் கஷ்டம். முறுக்கு நமுத்துப்போயி கடையில இருந்து திரும்பி வந்துரும். சூடு ஆறுறதுக்கு முன்னாடியே பாக்கெட் போட்டா ஆவி உள்ளயே நின்னுருமோன்னு நெனச்சேன். ஒரு நாள் பாதியச் சூட்டோட போட்டேன், பாதிய நல்லா ஆறவிட்டுப் போட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“ஆறவிட்டுப் போட்டது கொஞ்சம் பரவால்லீங்க சார். ஆனா அதும் சுத்தமா கரகரப்பா இல்ல. மழை நாள்ல ஆற வெக்கிறப்பவே காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்குது போல. எவ்வளவு நேரம் ஆறவிடறதுன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல.”

“சரி, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

மாணவி கொஞ்சம் யோசிக்கிறாள். “எடை போட்டுப் பாக்கலாங்க சார். ஈரத்த இழுத்தா எடை கூடணுமில்ல? அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எடை போட்டா, எப்ப கூட ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுரும்.”

நல்ல நேர்காணல் குழு தேடுவது இந்தக் கடைசிப் பதிலைத்தான். முன்கூட்டித் தயார் செய்த பதில் இல்லை அது. அந்த நிமிஷத்தில், அவர்கள் கண் முன்னால் பிறந்த யோசனை. கவனிக்கிறாள், சந்தேகப்படுகிறாள், சோதித்துப் பார்க்கிறாள், தெரியாததைத் தெரியாது என்கிறாள், அடுத்து என்ன செய்யலாம் என்று வழி தேடுகிறாள். ‘மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்’ என்று ஒருதரம்கூட அவள் சொல்லவில்லை. உழைப்பு தானாகத் தெரிந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் நேர்காணல்களுக்கு மாதிரிக் கேள்விகளை வெளியிடுகிறது. பழக்கமில்லாத ஒரு விஷயத்தைக் கொடுத்தால் இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைப் பார்க்கவே அந்தக் கேள்விகள். அதற்கான பயிற்சி ஆட்டையாம்பட்டி அடுப்படியிலேயே கிடைக்கிறது.

தறியும் முட்டையும் லாரியும்

முறுக்கு ஓர் உதாரணம்தான். இந்தச் சமவெளியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது.

தறிக்கார வீட்டுப் பிள்ளைக்கு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடத் தெரியும். பாவு நூல் விலை ஏறினால் கூலி ஏன் ஏறுவதில்லை என்பது தெரியும். விசைத்தறிக்கான இலவச மின்சாரம் 2023-இல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட்டாக உயர்ந்தது. அது வீட்டில் என்ன மாற்றம் செய்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, பொருளாதாரப் படிப்புக்கான நேர்காணலில் பாடப்புத்தகத்தை மேற்கோள் காட்டும் பிள்ளைக்கு ஒரு படி மேலேதான் நிற்கும்.

நாமக்கல் கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை முட்டை விலையை நாள்தோறும் கேட்டு வளர்கிறது. வெயில் ஏறினால் கோழி தீனி எடுப்பது குறையும், முட்டையும் குறையும் என்பது அதற்குத் தெரியும். லாரி டிரைவரின் மகன் எந்த மாநிலத்துக்கு எந்தச் சரக்கு போகிறது, டீசல் விலை ஏறினால் முதலில் யார் கை கடிக்கிறது என்று அப்பா போனில் பேசுவதைக் கேட்டே படித்திருக்கிறான். மரவள்ளிக் கிழங்கு போடும் வீட்டுப் பிள்ளைக்கு ஜவ்வரிசி ஆலைக்காரர் மாவுச்சத்தின் அளவைப் பார்த்துக் கிழங்குக்கு விலை வைக்கும் கதை தெரியும்.

இவை எல்லாம் அறிவு. வெறும் வீட்டு விவரமாகச் சொன்னால் விவரம்தான், ‘ஏன்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துச் சொன்னால் அது உங்கள் ஆளுமை. எங்கள் ஊரில் தறி நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எங்கள் தெருவில் சில தறிகள் ஏன் நின்றுபோயின என்று நான் யோசித்தேன், எனக்குத் தோன்றிய காரணம் இது என்று தொடருங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை வேறு யாராலும் சொல்ல முடியாது.

வறுமையைச் சொல்வதிலும் ஒரு கவனம் வேண்டும். கஷ்டப்பட்டோம் என்று இரக்கம் தேடினால் கேட்பவர் தர்மசங்கடப்படுவார். உங்கள் அப்பா அம்மாவின் திறமையும் அதில் மறைந்துவிடும். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அதில் என்ன நுணுக்கம் இருக்கிறது, அதிலிருந்து நீங்கள் என்ன கற்றீர்கள் என்று சொல்லுங்கள். அப்பாவின் தொழிலைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டாம்.

பேச்சுக்காரராக வேண்டுமா?

‘எம்பொண்ணு கூச்ச சுபாவங்க, நாலு பேரு முன்னாடி பேச மாட்டா’ என்று கவலைப்படும் பெற்றோர் நிறைய. பட்டிமன்றப் பேச்சாளரைத் தேடி யாரும் நேர்காணல் நடத்துவதில்லை. அமைதியாகப் பேசுவதும் ஓர் ஆளுமைதான். கேள்வியை முழுசாகக் கேட்டு, ‘கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுங்களா?’ என்று அனுமதி கேட்டு, மெதுவாகப் பதில் சொல்கிற பிள்ளையிடம் நிதானம் தெரியும். படபடவென்று பேசிவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கிலீஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்றுமொழி இங்கிலீஷ் என்றால் ஓரளவு பேசப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்களாக, தெளிவாகப் பேசினால் போதும். இலக்கணம் ஒரு இடத்தில் தப்பினால் திருத்திக்கொண்டு மேலே போகலாம். வார்த்தை கிடைக்காத இடத்தில் ‘இதைத் தமிழில் சொல்லலாமா?’ என்று கேட்பதில் இழுக்கு எதுவுமில்லை. நாட்டின் மிக உயர்ந்த பதவிகளுக்கு ஆள் எடுக்கும் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் நேர்காணலின் பெயரே ஆளுமைத் தேர்வு. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் அதற்கு 275. அந்த அறையிலேயே தமிழில் பேச வழியிருக்கிறது.

வீட்டிலேயே தயாராகலாம்

விண்ணப்பத்தில் எழுதியதை நேர்காணலுக்கு முன் மறுபடி படியுங்கள். எஸ்.எஸ்.பி.யில் முதலில் ஒரு விவரப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். பேட்டி காணும் அதிகாரி அதை வைத்துத்தான் கேள்வியைத் தொடங்குவார். மற்ற இடங்களிலும் அப்படியே. செஸ் ஆடுவேன் என்று சும்மா எழுதி வைத்தால், எந்த ஆட்டத்தில் எப்படித் தோற்றீர்கள் என்று கேள்வி வரும். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பத்து நிமிஷமும் போய்விடும்.

ஒரு நோட்டு எடுத்து, நீங்களாகச் செய்த ஐந்து காரியங்களை எழுதுங்கள். பரிசு வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தியது, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தது, பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டியது எதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம்: என்ன பிரச்னை வந்தது, நான் என்ன செய்தேன், மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். மூன்றாவதுதான் முக்கியம். தன் வேலையைத் தானே திரும்பிப் பார்க்கத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களுக்குச் சுலபம். அப்படிப்பட்ட பிள்ளையை அவர்கள் விட மாட்டார்கள்.

‘ஏன் இந்தப் படிப்பு?’ என்ற கேள்வி எங்கும் வரும். ‘சின்ன வயசிலிருந்தே ஆசை’ என்பது பதில் ஆகாது. எந்த நாளில், எதைப் பார்த்து, எந்தக் கேள்வி மனசில் விழுந்தது என்று சொல்லுங்கள். அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாசித்துவிட்டு, அதில் எந்தப் பாடம் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்னபின் ‘ஆனால் யோசித்துப் பார்க்கலாமா?’ என்று முயலுங்கள். அவர்கள் மறுத்துப் பேசினால் கோபப்படாதீர்கள். உங்கள் கருத்து சரியென்று பட்டால் காரணத்தோடு நில்லுங்கள். அவர்கள் சொல்வது சரியென்று பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் அவர்கள் மதிப்பார்கள். உடை சுத்தமாக, உங்களுக்குப் பழகியதாக இருந்தால் போதும். புதுக் கோட்டு தேவையில்லை. ஆன்லைன் நேர்காணல் என்றால் தறிச் சத்தம் கேட்காத இடமாக, சிக்னல் கிடைக்கும் இடமாக முதல் நாளே பார்த்து வையுங்கள். சத்தம் கேட்டுவிட்டாலும் பதற வேண்டாம். ‘பக்கத்தில் தறி ஓடுதுங்க’ என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விலைவாசி, ஊர்ப் பிரச்னை, தொழில், எதுவானாலும் சரி. பிள்ளை சொல்வதை முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். “ஏஞ்சாமி அப்படிச் சொல்ற?” என்று ஒரே ஒரு கேள்வி தொடர்ந்து கேளுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பயிற்சி வகுப்பைவிட இது மேல்.

அறைக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளுக்கு மட்டும் அறிவுரை சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. நேர்காணல் நடத்துகிறவர்களுக்கும் கடமை இருக்கிறது. எந்தத் தலைப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே வகுத்து, பிள்ளைகளுக்கும் தெரிவிக்க வேண்டும். எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் பேச வேண்டும். அப்பாவின் வருமானமும் சாதியும் அறைக்குள் கேள்வியாக வரக் கூடாது. சரளமான இங்கிலீஷை அறிவு என்று நினைத்துவிடக் கூடாது. பியானோவும் டென்னிஸும் ஆர்வம் என்றால், தார் சுற்றுவதும் மாடு கறப்பதும் ஆர்வம்தான் என்று குழுவில் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் நாற்பது வருஷத்துக்கும் முன்பே சொன்ன பதிவு யோசனைக்கு இன்று பெரிய செலவு கிடையாது. ஒரு செல்போன் போதும்.

சேலம், நாமக்கல் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை எவ்வளவு உழைக்கவைக்க முடியும் என்பதை இந்த மாவட்டங்கள் ஊருக்கே காட்டிவிட்டன. இனி வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பேச ஒதுக்குங்கள். தலைப்பு வேண்டாம், பரிசு வேண்டாம். தன் வீட்டில் நடக்கும் ஒரு தொழிலைப் பற்றி ஒரு பிள்ளை பேசட்டும். மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் வீட்டில் கேட்டு அடுத்த வாரம் வந்து சொல்லட்டும். பிள்ளை தன் அப்பாவிடம் தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கும் அன்றே நேர்காணலுக்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது.

போய்வரும் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. இடங்கள் குறைவு, வருகிறவர்கள் அதிகம். அந்த அரைமணி நேரத்தில் ஒரு மனிதரை முழுதாக அளக்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. கிடைக்காமல் போனால் உங்கள் ஆளுமை சரியில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். சேலம் அரசு கலைக் கல்லூரி 1857-இலிருந்து இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த நேர்காணலும் இல்லாமல் உள்ளே போய் உயரம் தொட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அழைப்பு வந்தால் போங்கள், தைரியமாகப் போங்கள். நீங்கள் அல்லாத ஒருவரைப்போல நடிக்க ஒரு நிமிஷத்தைக்கூடச் செலவழிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் பதினேழு வருஷம் கண்ணால் பார்த்து, கையால் செய்து, மனசால் யோசித்ததை எடுத்துச் சொல்ல அந்த நேரம் முழுவதும் வேண்டியிருக்கும்.